சம்மதம் மேடமும் வேண்டாம் என்றவரும்

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் சம்மதம். முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். அவள் கதவைத் தாண்டியதும், "சம்மதம் எங்க போயிருக்கு?" என்பார்கள். அது தன் காதுக்கு எட்டவில்லை என்பதுபோல அவள் நடமாடினாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வேலையின் முழுப்பெயர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். சொந்தக்காரர்களுக்கு அதை விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்பதால், அவள் கணவர் "மூளை சம்பந்தமா வேலை பாக்குறா" என்று சுருக்கிவிடுவார். கேட்டவர்கள் அவளை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு முழங்கால் வலியைச் சொல்வார்கள். அவளும் ஏமாற்றாமல், "வெந்நீர் ஒத்தடம் குடுங்க, சரியாப் போகும்" என்பாள்.

உள்ளபடி பார்த்தால் மூளைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூளை பேராசிரியருடையது. அதைச் சுமந்து வரும் தலைதான் அவள் பொறுப்பு. தலைக்குச் சொந்தக்காரரைத் தேடிப்பிடிக்க வேண்டும். எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் இறங்கினால் மின்தூக்கி என்று ஃபோனில் வழி சொல்ல வேண்டும். வந்தவரை உட்காரவைத்து, இது என்ன ஆய்வு, தொப்பி எதற்கு, வலிக்குமா வலிக்காதா என்று விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் அந்தத் தொப்பியைக் கழற்றியபின், முடியில் ஒட்டிய ஜெல்லைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் துண்டும் தர வேண்டும். இடையிடையே பேராசிரியரின் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தர வேண்டும். அது பெரும்பாலும் அவர் நெற்றியில் இருக்கும்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் இருந்தாள். பல் பிடுங்க வந்தவர்கள் வாசலோடு திரும்பி ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவள் வேலையின் சாரம். அங்கே தீட்டிய வாய் இது. அவளிடம் இருந்த பெரிய ஆயுதம் ஒரே ஒரு சொல். 'சும்மா.' "சும்மா உள்ள வந்து உக்காருங்க." "சும்மா வாயைத் திறந்து காட்டுங்க." சும்மா சும்மா என்று போய், கடைசியில் பல் தட்டில் கிடக்கும்.

வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். கணவர் மாலையில் பூப்பந்து ஆடப் போவதும், மகள் கீபோர்டு வகுப்புக்குப் போவதும் அவள் சும்மா சொல்லிப் பார்த்ததன் விளைவுகளே. மறுக்கலாம் என்று இருவரும் நினைப்பதுண்டு. நினைத்து முடிப்பதற்குள் செருப்பு மாட்டியிருப்பார்கள்.

அந்த ஆண்டு ஆய்வு முடியும் தறுவாயில் ஆட்கள் குறைந்தார்கள். நடுவயதைத் தாண்டிய, ஆட்டிசம் உள்ள ஆட்கள் வேண்டும். குழந்தைகள் கிடைத்தார்கள், இளைஞர்கள் கிடைத்தார்கள், ஐம்பது வயதுக்காரர்கள் மட்டும் கண்ணில் படவில்லை. பேராசிரியர் வராந்தாவில் குட்டிபோட்ட பூனைபோல நடந்தார். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த அக்கா ஃபோன் செய்தார்.

"விளம்பரம் பாத்தேன் மேடம். என் தம்பி இருக்கான். நீங்க தேடுற ஆளேதான்."

தம்பி என்றால் ஐம்பதை எட்டப்போகிற, தாடி நரைத்த தம்பி. பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை. தனி ஆள், அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார். அவருக்கு ஆட்டிசம் என்று ஒரு மருத்துவர் சொன்னதே ஓரிரு ஆண்டுகளுக்கு முன்புதானாம்.

"அதுவரைக்கும் திமிருன்னே நெனச்சோம் மேடம். விசேஷத்துக்குக் கூப்பிட்டா வர மாட்டான், வந்தா யார்கிட்டயும் பேச மாட்டான். நான் திட்டாத திட்டு இல்ல. இப்ப நெனச்சா நெஞ்சு அடைக்குது. இந்த ஆராய்ச்சிக்கு ஏதாவது செஞ்சா மனசு ஆறும்."

சம்மதத்துக்கும் கண் கலங்கியது. அவளும் இரண்டு வார்த்தை சொன்னாள். அக்கா நான்கு சொன்னார். இரண்டு பேச்சுக்காரிகள் ஃபோனில் சந்தித்துவிட்டால் சும்மா இருக்குமா? பேச்சு பல் வலி வரைக்கும் போய்த் திரும்பியது. அதற்கு நடுவே மறுமுனையில் எங்கோ தள்ளி ஓர் ஆண் குரல், "எனக்கு வேண்டாம்க்கா" என்றது.

"யாரோ வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கே?" என்றாள் சம்மதம்.

"அவன்தான். எதுக்கும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவான். நீங்க கண்டுக்காதீங்க."

சம்மதம் கண்டுகொள்ளவில்லை.

குறித்த நாளில் இருவரும் வந்தார்கள். அக்கா கைப்பையும் குடையும் பேச்சுமாக முன்னால் வந்தார். தம்பி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், நாலடி பின்னால். வராந்தாவில் நின்று ஆய்வுக்கூடத்தின் பெயர்ப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு சம்மதத்தின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்கு இதுல விருப்பமில்ல. வேண்டாம்" என்றார்.

"அதுக்கென்ன சார், தாராளமா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சும்மா உள்ள வந்து பாருங்க" என்றாள் சம்மதம்.

அவர் உள்ளே வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். அவள் வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினாள். அதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். "இது முழுக்க முழுக்க உங்க விருப்பம் சார். எப்ப வேணாலும் வேண்டாம்னு சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்ல. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." பாட்டுக்கு முன் தொண்டையைக் கனைப்பதுபோல, அவளைப் பொறுத்தவரை அது ஒரு சடங்கு. அந்தச் சொற்களுக்கு அர்த்தம் உண்டு என்பதே அவளுக்கு மறந்து எவ்வளவோ காலமாயிற்று.

பிறகு ஆயுதம் வெளியே வந்தது. "சும்மா தொப்பியைத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு." தொட்டுவிட்டு, "வேண்டாம்" என்றார். "சும்மா அந்த நாற்காலில உக்காந்து பாருங்க." உட்கார்ந்தார். "கையெழுத்தெல்லாம் அப்புறம். அளவு சரியா இருக்கான்னு சும்மா வச்சு மட்டும் பாப்போம்." ஆய்வு மாணவி, பொறுமையும் மெல்லிய விரல்களும் கொண்ட பெண், தொப்பியை அவர் தலையில் பொருத்தித் தாடைக்குக் கீழே பட்டையை மாட்டினாள். தொப்பி முழுக்கப் பொத்தான் பொத்தானாய் உணரிகள், பின்னால் குதிரைவால்போல ஒயர்கள். அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மாணவி ஜெல் ஊசிக்குழலை எடுத்தாள். சம்மதம் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

அவர் பேனாவை வாங்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. விதிமுறை தெரியாத ஓர் அலுவலகத்துக்கு வந்தவர் விவரம் கேட்பதுபோலக் கேட்டார்.

"மேடம், ஃபோன்ல வேண்டாம்னு சொன்னேன். வராந்தாவுல சொன்னேன். தொப்பியைத் தொட்டப்பவும் சொன்னேன். எப்ப வேணாலும் சொல்லலாம்னு நீங்களும் சொன்னீங்க. இங்க எத்தனை தடவை சொன்னா அது வேண்டாம்னு கணக்கு?"

மாணவி கையிலிருந்த ஊசிக்குழல் அந்தரத்தில் நின்றது. சம்மதத்துக்கு முகம் சுண்டிப் போனது. நீட்டிய படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை" என்றாள் கடைசியில். "ஒரு தடவை சொன்னாப் போதும் சார்."

"அப்ப ஃபோன்ல சொன்னதே போதுமா?"

"போதும். என் காதுதான் சரியில்ல."

"காது டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார் அவர்.

கிண்டலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தொப்பியை அவளே கழற்றினாள். கலைந்திருந்த முடிக்குச் சீப்பு கொடுத்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். அக்காவுக்கோ தாங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பேசியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பான் மேடம். நீங்க இப்படிக் கைவிடுவீங்கன்னு நெனைக்கல" என்று மின்தூக்கி மூடும்வரை சொல்லிக்கொண்டே போனார். தம்பி மின்தூக்கிக்குள் இருந்த எண் பொத்தான்களை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? ஆரம்பிச்சாச்சா?"

"வேண்டாம்னுட்டார் சார்."

"உங்ககிட்டயா?" அவர் குரலில் இருந்த ஆச்சரியம் அவளுக்கு வேறொரு நாளாக இருந்தால் பாராட்டாக இருந்திருக்கும். "கொஞ்சம் பேசிப் பாத்தீங்களா?"

"பேசினதுதான் சார் தப்பு" என்று நடந்ததைச் சொன்னாள். கையெழுத்து இல்லாமல் தொப்பி வைத்ததையும் விடவில்லை.

பேராசிரியர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். ஆட்கள் குறைவது அவருக்குத் துக்கம்தான். ஆனாலும் நியாயமான மனிதர். "நெறிமுறைக் குழுவுக்கு எழுதிடணும்" என்றார்.

"நானே எழுதுறேன் சார்."

எழுதினாள். குழுவிலிருந்து ரத்தினச் சுருக்கமாகப் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட ஊழியர் ஒப்புதல் பெறும் முறை குறித்த பயிற்சி வகுப்பில் மீண்டும் கலந்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டடத்தில் அந்த வகுப்பை நடத்துகிறவள் சம்மதம்தான். ஆகவே அவளே நடத்தி, அவளே கேட்டாள். பல வருடங்களாகத் தான் நடத்திவந்த வகுப்பை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தாள் என்று ஆய்வு மாணவி பின்னால் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. யார் யாரெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் தயங்கினார்கள் என்று யோசித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஓர் அம்மா, "ஐயோ, என் பொண்ணு உங்க பிஸ்கட்டுக்காகவே திரும்ப வரணும்கிறா" என்றார். ஒருவர் என்ன ஆய்வு என்றே மறந்துபோயிருந்தார். ஓர் இளைஞன் மட்டும், "உண்மையச் சொல்லணும்னா எனக்கு அன்னிக்கு இஷ்டமில்ல. என்னோடத எடுத்துட முடியுமா?" என்று கேட்டான். முடியும் என்றாள். பதிவை அழிக்கச் சொல்லிப் பேராசிரியரிடம் போனபோது, மரத்துப்போகும் ஊசி போடாமல் பல் பிடுங்குவதுபோல அவர் முகம் கோணியது. இருந்தாலும் அழித்தார்.

வீட்டில் கணவர் பூப்பந்து மட்டையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் திடீரென்று கேட்டாள், "ஏங்க, உங்களுக்குப் பூப்பந்து பிடிக்குமா?"

இருபது ஆண்டு இல்லறத்தில் தேர்ந்த மனிதர் அவர். இது எந்தப் பக்கத்துப் பொறி என்று யோசித்தார். "பிடிக்குமே."

"நெஜமாச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பிடிக்காது" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்தது. பூப்பந்து பிடிக்காது. வரவேற்பறையின் பச்சைத் திரை பிடிக்காது. அவள் தோழியின் கணவரோடு வாரம் தவறாமல் பேசவைப்பது அறவே பிடிக்காது. சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள்.

"அப்பா நோ சொல்றாரா? அப்ப நானும் சொல்லலாமா? எனக்குக் கீபோர்டு வேண்டாம். சுருட்டை முடியை நேராக்குற அந்த எண்ணெய் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில எழுப்பவே வேண்டாம்."

"எப்படி இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க?" என்றாள் சம்மதம், நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து.

"நீ எங்கம்மா விட்ட?" என்றாள் மகள்.

வாக்குக் கொடுத்துவிட்டாள், மீற முடியாது. கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போனது. கணவர் மாலை நேரங்களில் வீட்டில் இருந்தார். அடுக்களையில் வந்து நின்றுகொண்டு பாத்திரம் அடுக்கும் முறை பற்றி யோசனை சொன்னார். ஒரு மாதம் போவதற்குள், "சும்மா நடந்துட்டு வரேன்" என்று கிளம்பி, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். மட்டை வண்டிப் பெட்டியில் இருந்ததை அவள் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் அக்கா மறுபடியும் ஃபோன் செய்தார். கோபம் தணிந்திருந்தது. "ஏம்மா, அவன் வரல, சரி. நான் வரலாமா? கூடப் பொறந்தவங்களும் வேணும்னு விளம்பரத்துல போட்டிருந்துதே."

வேண்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்க, ஆட்டிசம் இல்லாத உடன்பிறப்புகளும் தேவை. சம்மதம் இந்த முறை படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "வேண்டாம்னா இப்பவே சொல்லலாம்" என்றாள். அக்காவுக்கே பொறுமை போய், "கையெழுத்துப் போட விடும்மா தாயே" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

தொப்பி ஏறியது, ஜெல் ஏறியது, திரையில் முகங்கள் வர ஆரம்பித்தன. பேசாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தாடை அசைந்தால் அந்தத் தசையின் மின்சாரம் பதிவைக் கெடுத்துவிடும்.

"பேசாதீங்கம்மா" என்றாள் மாணவி.

"நான் எங்க பேசுறேன்? இந்தப் படத்துல இருக்கிறவர் எங்க பழைய மேனேஜர் மாதிரியே இருக்கார், அதைத்தான் சொன்னேன்."

"அம்மா, தாடை அசையக் கூடாது."

"சரி, இனிமே பேசல." கொஞ்ச நேரம் அமைதி. "இப்ப பேசலாமா?"

கணினித் திரையில் அலைகள் பூகம்பம் வந்ததுபோல எகிறின. பேராசிரியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி வெளியே வராந்தாவில் காத்திருந்தார். இந்த முறை அக்காவுக்குத் துணையாக வந்தது அவர்தான். சம்மதம் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாயில் வார்த்தைகள் முட்டி மோதின. டீ குடிக்கிறீர்களா, வெயில் எப்படி, வேலை எப்படி, அன்றைக்கு நடந்ததற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் விழுங்கினாள். விழுங்கிப் பழக்கமில்லாததால் விக்கல் வந்தது. அவர் எழுந்துபோய் ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

நெடுநேரம் கழித்து அவரே பேசினார். "அக்கா ஏன் வந்திருக்கா தெரியுமா?"

தெரியாது என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னைச் சின்ன வயசுல திட்டினதுக்கு. அதெல்லாம் பரவாயில்ல, எனக்குக் கோவமில்லன்னு சொல்லிட்டேன். நிறைய தடவை சொல்லிட்டேன். அவளுக்கும் காது கொஞ்சம் சரியில்ல."

சம்மதம் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் முகம் இறுக்கமாகவும் இல்லை.

உள்ளேயிருந்து அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தார். "முடிஞ்சுது. என்னால ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று பேராசிரியரையே கேட்டார். இந்தப் பதிவு ஆய்வுக்குப் பயன்படும் என்று அந்த நியாயமான மனிதர் வாழ்க்கையில் முதன்முறையாகப் பொய் சொன்னார். தம்பி எழுந்து, துண்டை வாங்கி, அக்காவின் காதோரம் ஒட்டியிருந்த ஜெல்லை ஒரு துளி விடாமல் துடைத்தார். அக்கா அதுவரை பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அன்று அவர் தாடை அசையாமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான். தொப்பிதான் தலையில் இல்லை.

அடுத்த ஆண்டு வேறொரு ஆய்வு தொடங்கியது. இதில் தொப்பி இல்லை, ஜெல் இல்லை. குழாய் போன்ற ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். விளம்பரம் போட்ட வாரத்தில் ஒரு ஃபோன் வந்தது.

"பணிமனையில இருந்து பேசுறேன். அக்காவுக்குத் தெரியாது. எனக்குக் கேள்வி இருக்கு."

"கேளுங்க சார்."

இயந்திரம் எவ்வளவு சத்தம் போடும், அது ஒரே மாதிரிச் சத்தமா மாறி மாறி வருமா, உள்ளே யாராவது பேசுவார்களா என்று கேட்டார். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சத்தம் காதைப் பிளக்கும் என்றும் மறைக்கவில்லை. 'சும்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கடித்து உள்ளே தள்ளினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பேராசிரியர் தினமும், "அந்த சீட் தைக்கிறவர் கூப்பிட்டாரா? நீங்க கூப்பிட்டுப் பாக்கலாமே?" என்று நச்சரித்தார். "அவர் யோசிக்கிறார் சார்" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு நாள் தனியாக வந்து நின்றார். படிவத்தை முழுக்கப் படித்தார். ஸ்கேன் இரண்டு பகுதி: முதலில் வெறுமனே படுத்திருப்பது, பிறகு முகங்களைப் பார்த்து அவை என்ன உணர்ச்சி என்று பொத்தான் அழுத்துவது.

"படுத்திருக்கிறதுக்குச் சரி" என்றார். "முகம் பாக்குறது வேண்டாம்."

"சரி சார்."

அவர் ஒரு கணம் அவள் மேலும் ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார், அழகான சாய்வெழுத்தில்.

இடிபோல முழங்கும் அந்தக் குழாய்க்குள் அவர் அசையாமல் படுத்திருந்தார். கண்ணாடி அறைக்குள் பேராசிரியர் படங்களைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். மகிழ்ச்சியின் உச்சத்தில், "மேடம், மீதிப் பாதியையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். நீங்க கேட்டா…" என்று இழுத்தார்.

"பாதிக்குத்தான் சார் சரின்னு சொன்னார்" என்றாள் சம்மதம். அவரை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, துண்டோடு கதவருகே போய் நின்றாள். ஜெல் இல்லாத ஆய்வுக்குத் துண்டு எதற்கு என்று பேராசிரியர் கேட்டார். "பழக்கம்தான் சார். அவர் வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.